வகுப்பறை ஏன் மறுபடி மறுபடி கலைகிறது? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது எந்த வகுப்பறையும் கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். சார்ட் புதிது, டப்பா புதிது, டப்பா மேல் ஒட்டிய பெயரும் புதிது. காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது அதே அறையில் பசை டப்பாவைத் தேடியே பாதிப் பாடவேளை போய்விடும். ஒரு சனிக்கிழமை வந்து எல்லாவற்றையும் இறக்கி, துடைத்து, அடுக்கிவிட்டுப் போகிறோம். அடுத்த வியாழக்கிழமை பார்த்தால் பழைய கோலம்.

மறுபடி அடுக்குவது இதற்கு மருந்து இல்லை. பொருளை எடுப்பது பிள்ளைகள், திரும்ப வைப்பது டீச்சர் என்று இருக்கும் வரை அறை கலைந்துகொண்டேதான் இருக்கும். எடுக்க இருபத்தைந்து பேர், வைக்க ஒருவர் என்றால் எப்படிச் சமாளிக்க முடியும்? அதனால் கீழே வரும் எந்த அறிகுறிக்கும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இதை எடுத்த பிள்ளையே திரும்ப வைக்க முடியுமா? முடியாதென்றால் எது தடுக்கிறது? உயரமா, இறுக்கமான மூடியா, படிக்கத் தெரியாத பெயர்ச்சீட்டா, அல்லது அந்தப் பொருளுக்கு இடமே ஒதுக்கவில்லையா?

தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறை, ஒரு பீரோ, பாய் விரித்த தரை, ஓரத்தில் நாலு பெஞ்சு. வகுப்புக்கு ஓர் அறை வாய்த்தவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எதிலும் கைவைப்பதற்கு முன் ஒரு சோதனை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, "கண்ணு, கத்தரிக்கோல் எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். வந்ததும் "இப்போ இருந்த இடத்துலயே வச்சுட்டு வா" என்று அனுப்புங்கள். வாய் திறக்காமல் பாருங்கள். அது எங்கே தயங்கி நின்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதோ அங்கேதான் கோளாறு. பசை, வண்ணப் பென்சில், கணக்கு நோட்டு, கதைப்புத்தகம் என்று நாலைந்து பொருளுக்கு இதைச் செய்தால் எந்த அறிகுறியிலிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் படிய சில வாரங்கள் ஆகும்; ஒன்று படிந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

அறிகுறி: மணி அடித்துப் பத்து நிமிடமாகியும் பாடம் தொடங்கவில்லை

பெரும்பாலும் நோட்டுதான் காரணம். பீரோவைத் திறந்து நோட்டுக் கட்டை எடுத்து, டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பெயர் வந்த பிள்ளை ஓடிவர, வராத பிள்ளைகள் பேச ஆரம்பிக்கும். கட்டில் பாதி போன பிறகுதான் நடுவில் கட்டுரை நோட்டு கலந்திருப்பது தெரியும்.

நோட்டை வகுப்புவாரியாக வைக்காமல் குழுவாரியாக வையுங்கள். ஐந்தைந்து பிள்ளைகளாகக் குழு பிரித்து, ஒரு குழுவின் நோட்டு முழுவதும் ஒரு ட்ரேயில் இருக்கட்டும். மணி அடித்ததும் குழுவிலிருந்து ஒரு பிள்ளை வந்து ட்ரேயை அப்படியே தூக்கிக்கொண்டு போகட்டும். பெயர் கூப்பிடும் வேலையே இல்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. ட்ரே திரும்பி வரும்போது ஐந்து நோட்டு இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தால், யாருடையது வரவில்லை என்று அந்தக் குழுவே சொல்லிவிடும். முப்பது நோட்டுக் கட்டில் ஒன்று குறைந்தால் வெள்ளிக்கிழமை வரை தெரியாது.

இரட்டைக் கோடு, நாலு கோடு, கட்டம் போட்டது, கோடு போடாதது என்று நோட்டிலேயே இத்தனை வகை. அட்டை எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் முதுகுப் பக்கத்தில் வண்ண டேப் ஒட்டிவிடுங்கள்: தமிழுக்குச் சிவப்பு, கணக்குக்கு நீலம் என்பதுபோல. எந்த நிறம் என்பது முக்கியமில்லை, வருஷம் முழுக்க அதை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம். பக்கத்து வகுப்பு ஆசிரியரும் அதே நிறங்களை வைத்துக்கொண்டால் பிள்ளை நாலாம் வகுப்புக்குப் போனாலும் பழக்கம் கூடவே போகும்.

திருத்துவதற்கு நோட்டு வாங்கும்போது, திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்தபடியே ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப் பழக்குங்கள். பக்கம் தேடும் நேரம் உங்களுக்கு மிச்சம்.

நோட்டு சரியாக இருந்தும் தாமதம் நீடித்தால் வருகைப்பதிவைப் பாருங்கள். செல்போனில் ஆப் திறந்து, நெட்வொர்க் கிடைக்கும் ஜன்னலோரம் போய், ஒவ்வொரு பெயராகத் தட்டும்வரை பிள்ளைகளுக்கு வேலை எதுவும் இல்லை. அட்டைகளை எடுத்துப் பிள்ளை தானே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை இருந்த காலத்துச் சுய வருகைப் பதிவு இதற்கு நல்ல மருந்து. வந்ததும் தன் பெயருக்கு எதிரே பிள்ளையே குறித்துவிட்டு, கீழ்மட்டக் கரும்பலகையில் தனக்கென்று கட்டம் போட்ட இடத்தில் நேற்றைய எழுத்தையோ கணக்கையோ எழுதத் தொடங்கட்டும். அந்தத் தாளைப் பார்த்து நீங்கள் ஆப்பில் பதிந்துகொள்ளலாம். ஆனால் தாளை மட்டும் நம்பாமல் ஒருமுறை தலையை எண்ணிக்கொள்ளுங்கள். வராத நண்பனுக்கும் சேர்த்துக் குறிக்கும் பாசம் ஏழு வயதிலேயே உண்டு.

அறிகுறி: "டீச்சர், அவன் என் பென்சிலை எடுத்துட்டான்"

ஒரு நாளில் இதை எத்தனை முறை கேட்கிறீர்கள் என்பதே போதும், வேறு பரிசோதனை தேவையில்லை. வீதியில் இருக்கும் ஒரே கடையில் வாங்கியதால் எல்லாப் பென்சிலும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். யாருடையது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. நீதி விசாரணையில் இறங்காதீர்கள்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்குப் பென்சிலைப் பொதுவாக்கிவிடுவது நல்லது. குழுவுக்கு இரண்டு டம்ளர். ஒன்றில் கூராக்கிய பென்சில், இன்னொன்றில் மழுங்கியது. மழுங்கினால் அந்த டம்ளரில் போட்டுவிட்டு இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நடுவில் எழுந்துபோய்ச் சீவும் வேலை இல்லை. பள்ளி விடுவதற்கு முன் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து மழுங்கியதை எல்லாம் சீவி வைக்கட்டும். ஷார்ப்னரை ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டி, அதற்கு நேர் கீழே பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டால் தூள் அதிலேயே விழும். கயிறு முழநீளம் இருந்தால் போதும். அதிகமானால் ஷார்ப்னர் பெஞ்சுக்குப் போய் கயிற்றோடு சிக்கிக்கொள்ளும். பாட்டிலின் வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டிவிடுங்கள், கையைக் கிழிக்கும்.

மூன்றாம் வகுப்பிலிருந்து சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வர வேண்டும். பென்சிலின் பின்நுனியில் வெள்ளை டேப்பைக் கொடிபோல் மடித்து ஒட்டி வரிசை எண் எழுதிவிட்டால் தகராறு பெருமளவு அடங்கும்.

ரப்பரை வாங்கியதும் பாதியாக வெட்டிவிடுங்கள். முழு ரப்பர் தொலைகிற வேகத்தில்தான் பாதி ரப்பரும் தொலையும், நஷ்டம் பாதி.

அறிகுறி: அட்டைகளும் துணைக்கருவிகளும் கலந்து கிடக்கின்றன, ஒரு தொகுதியும் முழுசாக இல்லை

சிறு வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்த பிறகு வகுப்பறைக்குள் பொருள் பெருகிவிட்டது. எழுத்து அட்டை, சொல் அட்டை, மணிச்சட்டம், பகடை, பொம்மலாட்டக் களத்துக்கு முகமூடியும் கைப்பொம்மையும். இவை போக டீச்சரே வெட்டி ஒட்டிச் செய்தவை. செய்வதற்கு இரவெல்லாம் விழிக்கிறோம்; செய்ததை வைக்க இடம் யோசிப்பதில்லை. கடைசியில் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சேர்கிறது.

இந்தச் சிக்கலைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஏற்கெனவே ஒருமுறை தீர்த்திருக்கின்றன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றலில் அட்டைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளை தானே போய்த் தன் அட்டையை எடுத்து, முடித்ததும் அதே ட்ரேயில் வைத்தது. காரணம், அட்டையில் ஒரு சின்னம், ட்ரேயிலும் அதே சின்னம், எதற்கு அடுத்து எது என்று படிப்படியாகக் காட்டிச் சுவரில் தொங்கிய ஏணிப்படிச் சார்ட்டிலும் அதே சின்னம். படிக்கவே தெரியாத பிள்ளைக்கும் அது போதுமானதாக இருந்தது. அந்த முறையைப் பற்றி ஆசிரியர்களுக்குள் ஆயிரம் கருத்து உண்டு. அடுக்கும் விதத்தில் மட்டும் அதை மிஞ்ச இதுவரை எதுவும் வரவில்லை என்பது என் எண்ணம்.

அதையே இப்போதும் செய்யலாம். "எழுத்து அட்டைகள் – மெய்" என்று டப்பாமேல் அழகாக எழுதி ஒட்டுவது நமக்குத்தான் உதவும். அந்த எழுத்தைக் கற்கத்தானே பிள்ளை வந்திருக்கிறது? டப்பாமேல் ஒரு மீன் படம் வரையுங்கள். அந்தத் தொகுதியின் ஒவ்வோர் அட்டைக்குப் பின்னாலும் சின்னதாக அதே மீன். தரையில் ஓர் அட்டை கிடந்தால் திருப்பிப் பார்த்த பிள்ளை நேராக மீன் டப்பாவுக்குப் போய்விடும். பின்புறமெல்லாம் மீன் போட ஒரு மதியம் ஆகும். நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையாகச் செய்வார்கள்.

டப்பாவுக்கு மூடி வேண்டாம். மூடி இருந்தால் அது தனியாக ஒரு பொருளாகிவிடும், அதுவும் தொலையும். தூசி படியுமே என்றால் மேலே ஒரு துணி போதும். சிறிய அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ஏப்ரல் வெயிலில் அது உருகி அட்டையோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது எழுத்தையும் உரித்துக்கொண்டு வரும். அதற்குச் சுருக்குப் பைதான் சரி. தைக்கத் தெரிந்த அம்மாக்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. மீந்த சீருடைத் துணி கொடுத்துப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலைக்கு வைத்த பெயர்களான அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக ட்ரே பிரித்து அதில் பிள்ளைகளின் பெயரையும் எழுதி ஒட்டுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம் என்பேன். மதிப்பீட்டுக்குப் பிறகு பிள்ளை நிலை மாறும். ஒவ்வொரு முறையும் ட்ரேயைப் பிரித்து அடுக்க வேண்டிவரும், நடுவில் ஒருமுறை விட்டுப்போனால் மொத்தமும் குழம்பும். பொருளைத் திறன்வாரியாக வையுங்கள். பிள்ளைதான் ட்ரே மாற வேண்டும், ட்ரே அங்கேயே இருக்கட்டும். "நீ அரும்பு" என்று தினமும் சுவர் சொல்லிக்கொண்டிருப்பது பிள்ளைக்கும் நல்லதல்ல.

கடைசியாக, அனாதைப் பொருள்களுக்கு ஒரு டப்பா. எந்தத் தொகுதி என்று தெரியாத பகடை, ஒற்றை மணி, பொம்மையின் கை எல்லாம் அதில் போகட்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அதைத் தரையில் கொட்டிவிட்டால், எது எங்கே போக வேண்டும் என்று பிள்ளைகளே அடித்துப் பிடித்துக் கண்டுபிடிப்பார்கள்.

அறிகுறி: டீச்சர் மேசை தெரியவே இல்லை

மூன்று வகைக் காகிதம் ஒன்றாகிவிட்டது. அலுவலகத்துக்குப் போக வேண்டியது ஒன்று. ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், சாதிச் சான்று என்று பிள்ளைகளின் ஆவணங்கள் இன்னொன்று. பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் மூன்றாவது.

ஆவணம் மேசைமேல் ஓர் இரவுகூட இருக்கக் கூடாது. பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டன் ஃபைல் போட்டு வரிசை எண்படி பீரோவில் பூட்டுங்கள். அலுவலகக் காகிதத்துக்கு ஒரே ஒரு கிளிப் போர்டு, அதில் மேலே இருப்பது நாளைக்கே கொடுக்க வேண்டியது. பிள்ளைகளின் தாள் மேசைக்கே வரக் கூடாது. வாசல் பக்கம் ஒரு ட்ரே வைத்து அங்கே போடச் சொல்லுங்கள்.

அறிகுறி: நடக்க வழியில்லை, நோட்டெல்லாம் ஈரம்

இரண்டும் ஒரே கோளாறு. பை, தண்ணீர் பாட்டில், தட்டு மூன்றும் பிள்ளையின் மடியைச் சுற்றியே கிடக்கின்றன.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. மதியச் சத்துணவும் சேர்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு முறை தட்டு கழுவப்படுகிறது. பிள்ளை தன் தட்டை வீட்டிலிருந்து கொண்டுவரும் பள்ளியாக இருந்தால், கழுவிய ஈரத்தோடு அது நேராகப் பைக்குள் போகும். பக்கத்திலேயே தமிழ்ப் புத்தகம். இதற்குத் துளை போட்ட பெரிய பிளாஸ்டிக் கூடை ஒன்றை வராண்டாவில் வையுங்கள். தட்டு அங்கேயே செங்குத்தாக நின்று நீர் வடியட்டும், வீட்டுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். பாட்டிலுக்கும் வாசலோரம் ஒரு கிரேட். பழக்கடையில் கேட்டால் பழைய கிரேட் கிடைக்கும்.

பைக்குச் சுவரில் ஆணி அடிக்கும் யோசனை எல்லோருக்கும் வரும். சிறு பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் அடித்த ஆணி இன்னொரு பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கும். அதனால் வேண்டாம். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தரையில் பெயிண்டால் கோடு போட்டு, கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே பையை நிற்க வையுங்கள். கோட்டைத் தாண்டிய பையைப் பக்கத்துப் பிள்ளையே தள்ளி வைத்துவிடும்.

அறிகுறி: சுவர் முழுக்கச் சார்ட், ஆனால் யாரும் பார்ப்பதில்லை

பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி, "கரும்பலகைக்கு இந்தப் பக்கம் என்ன சார்ட் இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வராத சார்ட்டைக் கழற்றிவிடலாம். பார்வைக்கு வரும் அதிகாரிகளுக்காக மாட்டியது என்றால் அதை நமக்குள் ஒப்புக்கொண்டு, பிள்ளை பார்க்காத மேல் வரிசைக்கு ஏற்றிவிடுவோம். கண் மட்டத்துச் சுவர் பிள்ளைக்குச் சொந்தம்.

கண் மட்டம் என்பது உங்கள் கண் மட்டம் அல்ல. பாயில் உட்கார்ந்து பாருங்கள், நாம் மாட்டியதெல்லாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியும்.

எப்போதும் இருக்க வேண்டியவை உயிரெழுத்து, மெய்யெழுத்து, எண்கள், ஆங்கில எழுத்து. மற்றவை நடக்கும் பாடத்துக்கானவை; பாடம் முடிந்தால் இறங்க வேண்டும். புதிது ஒன்று ஏற வேண்டுமானால் பழையது ஒன்று இறங்கியாக வேண்டும். பிள்ளைகளின் படைப்புக்குச் சுவரே தேவையில்லை, கம்பிப் பந்தல் இருக்கிறது. தலைக்கு மேல் குறுக்கே கட்டிய கம்பியில் துணி கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் காற்றில் ஆடுவதைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கொஞ்சம் கவனம் சிதறும்தான், பரவாயில்லை.

சுண்ணாம்பு அடித்த சுவரில் டேப் நிற்காது. நின்றாலும் எடுக்கும்போது சுண்ணாம்பையும் பெயர்த்துக்கொண்டு வரும். சுவரோரமாக நைலான் கயிறு கட்டி அதில் மாட்டுவது நல்லது. தேர்தல் வந்தால் இதன் அருமை தெரியும். 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தல் போலப் பள்ளி வாக்குச்சாவடியாகும் நாள்களில் அறையை மொத்தமாகக் காலி செய்து கொடுக்க வேண்டும். டேப் போட்டு ஒட்டிய சார்ட் கிழிந்துதான் வரும். கயிற்றில் மாட்டியது இரண்டு முடிச்சை அவிழ்த்தால் அப்படியே சுருண்டு பீரோ மேல் ஏறிவிடும்.

அறிகுறி: வாசிப்புக் களத்துப் புத்தகங்கள் கிழிகின்றன, அல்லது பூட்டியே கிடக்கின்றன

கிழிந்துவிடும் என்று பூட்டி வைப்பதைவிடக் கிழிவதே மேல். பத்துப் பதினாறு பக்கம் உள்ள மெல்லிய கதைப்புத்தகத்தை அலமாரியில் நிற்க வைத்தால் முதுகில் பெயர் தெரியாது, பிள்ளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடும். கயிற்றில் நடுப்பக்கம் பட மாட்டி, முன்னட்டை தெரியும்படி தொங்கவிடுங்கள். கிழிந்ததைப் போட ஒரு பெட்டியும், பக்கத்தில் டேப்பும் வையுங்கள். கிழித்த பிள்ளையைத் திட்டினால் அடுத்த முறை கிழிந்த புத்தகம் பாய்க்கு அடியில் போய்விடும்.

அறிகுறி: செப்டம்பர் வரை சரியாக இருந்த அறை அக்டோபரில் திடீரென்று கலைகிறது

பிள்ளைகள்மேல் பழி போடாதீர்கள், நாள்காட்டியைப் பாருங்கள். 2012-13இல் முப்பருவ முறை வந்ததிலிருந்து புத்தகம் ஆண்டுக்கு ஒருமுறை வருவதில்லை, பருவத்துக்கு ஒருமுறை வருகிறது. இரண்டாம் பருவப் புத்தகமும் பயிற்சி நூலும் புது நோட்டும் உள்ளே வருகின்றன. முதல் பருவத்துடையது எதுவும் வெளியே போவதில்லை. ஜனவரியில் மூன்றாவது அடுக்கும் மேலே ஏறும். அறை அதேதான், பொருள் மூன்று மடங்கு.

எனவே ஒவ்வொரு பருவத்தின் கடைசி வேலைநாளில் இரண்டு பாடவேளையை இதற்கென்று ஒதுக்குங்கள். முடிந்த நோட்டு, பயிற்சி நூல், படைப்பு எல்லாம் பிள்ளையோடு வீட்டுக்குப் போகட்டும். பெற்றோர் வேலை முடிந்து அலுப்போடு வந்து உட்காரும் நேரத்தில், பிள்ளை மூன்று மாதம் எழுதியதை மொத்தமாகப் பார்ப்பது முன்னேற்ற அட்டையைவிட நிறையச் சொல்லும். மதிப்பீட்டுத் தாள்களை மட்டும் கேட்டால் காட்ட எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்த நாற்காலி, ஓடாத சுவர்க்கடிகாரம் போன்றவற்றைத் தூக்கி வீசும் முன் இருப்புப் பதிவேட்டைப் பாருங்கள். அதில் ஏறிய பொருளைத் தலைமை ஆசிரியர் வழியாக முறைப்படி கழித்த பிறகுதான் வெளியேற்ற முடியும். அதுவரை அது உங்கள் வகுப்பறையில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பள்ளிக்குப் பொதுவாக ஒரு மூலை ஒதுக்கக் கேளுங்கள்.

அறிகுறி: மழை தொடங்கியதும் பூஞ்சை வாடை, சுவரில் மண் கோடு

மண் கோடு என்றால் கரையான். வடகிழக்குப் பருவமழை வருவதற்கு முன்பே, காலாண்டு விடுமுறைக்குப் பூட்டும் நாளில் பீரோவையும் அலமாரியையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள். எந்தக் கட்டும் தரையையோ சுவரையோ தொட வேண்டாம். வேப்பிலை போட்டால் சின்னப் பூச்சி கொஞ்சம் விலகும், கரையான் அதைச் சட்டை செய்யாது. மண் கோட்டைத் தட்டிவிட்டதோடு நிறுத்தாமல், அது எந்த விரிசலிலிருந்து வருகிறது என்று பார்த்துத் தலைமை ஆசிரியரிடம் சொல்லி மருந்து அடிக்கச் செய்ய வேண்டும். பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாளில்தான் அடிக்கணும். ஒழுகும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், மேலாண்மைக் குழுத் தீர்மானத்துக்கு உதவும். குடை வராண்டாவோடு நிற்கட்டும்.

அறிகுறி: பொறுப்பு கொடுத்தும் ஒரே பிள்ளைதான் எல்லாம் செய்கிறது

கேட்டதும் எழுந்து வரும் பிள்ளையையே நாமும் கூப்பிடுகிறோம். அது நல்ல பிள்ளை என்று பெயர் வாங்குகிறது, மற்றவர்கள் உட்கார்ந்தே பழகுகிறார்கள். வேலைப் பட்டியல் போட்டு வரிசை எண்படி வாரம் ஒருமுறை சுழற்றுங்கள். துணி கிளிப்பில் பிள்ளையின் பெயர், சார்ட்டில் வேலையின் படம். திங்கள்கிழமை கிளிப் ஒரு படி கீழே நகரும். வேலை சின்னதாக, முடிந்ததா இல்லையா என்று பார்த்தவுடன் தெரிவதாக இருக்க வேண்டும். "அறையைச் சுத்தமாக வை" என்பதைச் செய்து காட்டவே முடியாது. "ஷார்ப்னர் பாட்டிலைக் கொட்டு", "மீன் டப்பாவை எண்ணு" என்றால் முடியும்.

இங்கே ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்லியாக வேண்டும். பட்டியல் இல்லாத வகுப்பில் விளக்குமாறு யார் கைக்குப் போகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெண் பிள்ளை கைக்குப் போகும்; இல்லையென்றால் குறிப்பிட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளை கைக்குப் போகும். மணி அடிப்பதும் சாவி வாங்கி வருவதும் வேறு பிள்ளைகளுக்கு. யாரும் வேண்டுமென்று செய்யாமலே இது நடக்கும், அதனால்தான் வரிசை எண் தேவை. சிந்திய காகிதத்தைப் பொறுக்குவதும் தன் இடத்தைத் துடைப்பதும் எல்லோர் வேலை. வகுப்பறையை முழுக்கப் பெருக்குவதும் கழிப்பறையைக் கழுவுவதும் எந்தப் பிள்ளையின் வேலையும் இல்லை. அந்தப் படம் பட்டியலில் இடம்பெறவே கூடாது.

அறிகுறி: நீங்கள் விடுப்பிலோ பயிற்சியிலோ இருக்கும் நாளில் மட்டும் கலைகிறது

சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையப் பயிற்சிக்குப் போய்விட்டு மறுநாள் வந்து பார்த்தால் புயல் அடித்த மாதிரி இருக்கிறதா? பொருள் எங்கே என்பது இன்னும் உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. பக்கத்து ஆசிரியர் இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது, பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கப் பீரோவைத் துழாவியிருப்பார்.

பீரோ கதவின் உள்பக்கம் ஒரே ஒரு தாள் ஒட்டுங்கள். குழுக்களும் அதில் உள்ள பிள்ளைகளும், இந்த வார வேலைக்காரர்கள் யார், நான் இல்லாவிட்டாலும் பிள்ளைகளே செய்யக்கூடிய நாலைந்து செயல்பாடும் அவற்றின் டப்பாச் சின்னமும், மருந்து சாப்பிடும் பிள்ளை அல்லது ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் அந்த விவரம். இதற்கு மேல் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பீரோ திறந்திருக்கும்போது பிள்ளைகள் கண்ணில் படும் என்பதால் மருத்துவ விவரத்தை மட்டும் மடித்து ஒட்டுங்கள்.

தாள் ஒட்டிய பிறகும் கலைந்தால் பீரோ சாவியை விசாரியுங்கள். அது உங்கள் கைப்பையோடு பயிற்சிக்குப் போயிருந்தால், அன்றைக்குப் பிள்ளைகளுக்கு டப்பாவே கிடைத்திருக்காது. கையில் கிடைத்ததை வைத்து விளையாடியிருப்பார்கள். மாற்றுச் சாவி ஒன்றைத் தலைமை ஆசிரியர் அறையில் மாட்டிவிடுங்கள். ஆவணம் இருக்கும் தட்டுக்கு மட்டும் தனிப் பூட்டு போட்டு, அந்தச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.